மார்கழியில் அந்தக் குளத்தில் பொக்லைன் இறக்காதீர்கள்

எங்கள் மலையடிவார வனப் பூங்காவை நடத்தும் அதிகாரிகளுக்கு,

கார்த்திகைக் கடைசியில் பூங்கா வாசலில் நீங்கள் ஒட்டிய அறிவிப்பை மூன்று முறை படித்தேன். பொங்கல் விடுமுறைக் கூட்டம் வருவதற்குள் குளத்துத் தண்ணீரை வடித்து, சம்பங்கோரையை வேரோடு எடுத்து, சுற்றிலும் சிமெண்ட் கரை கட்டி, நடுவில் வண்ண விளக்கோடு நீரூற்று வைக்கப்போவதாக அதில் இருக்கிறது. கொசுத் தொல்லைக்காகச் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் புகை மருந்து அடிப்பீர்களாம். குளத்தில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விடுவீர்களாம். காலை நடைக்கு இனி அனுமதி இல்லை, பத்து மணிக்குத்தான் கதவு திறக்கும். கடைசி வரியில் ஒரு காரணமும் எழுதியிருக்கிறீர்கள்: "சீசன் முடிந்துவிட்டதால் பார்வையாளர்களுக்கு இடையூறு இருக்காது."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல்.

பூங்காவின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் பழி உங்களிடம் வராது. கேட்டில் சீட்டுக் கிழிக்கும் அண்ணன் மேலும், காவல் சுற்றும் தம்பிகள் மேலும்தான் விழும். பதினொரு வருடமாக எனக்குக் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டவர்கள் அவர்கள். எந்தப் பூங்கா என்று உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நான் டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர். தினக்கூலி. டார்ச் லைட்டும் கரண்டியும் அபேட் மருந்து பாட்டிலும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், தொட்டி, குடம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஆட்டுக்கல் குழி, தேங்காய்ச் சிரட்டை என்று ஒன்று விடாமல் பார்த்து, புழு இருந்தால் கொட்டச் சொல்லி, சுவரில் தேதி எழுதிவிட்டு வருகிற ஆள். கொசுவைப் பற்றி உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்லலாம். தட்டானைப் பற்றியும் கொஞ்சம் சொல்லலாம். இரண்டையும் நான் ஒரே கரண்டியில்தான் முதலில் பார்த்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் கரண்டி விட்டு எடுத்தேன். ஏழெட்டுக் கொசுப்புழு நெளிந்தது. கூடவே மண் நிறத்தில், கரண்டியின் அடியில் அசையாமல் ஒரு பூச்சி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முகத்துக்குக் கீழிருந்து மடக்கி வைத்த கை மாதிரி ஒன்றை வீசி நீட்டியது. ஒரு புழுவைப் பிடித்து வாய்க்குள் இழுத்தது. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. கரண்டியைக் கொட்டாமல் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். கூட வந்த அக்கா, "அது தட்டான் குஞ்சுடி, அதைக் கொட்டாதே, நம்ம வேலையில பாதியை அதுதான் பாக்குது" என்றார். எனக்குத் தட்டானைத் தெரியும். வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு வளர்ந்தவள்தான். அது தண்ணீருக்குள் பிறந்து வளர்கிற பூச்சி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் பூங்காவில்தான். நாற்பது பக்க நோட்டு, இப்போது ஏழாவது நோட்டு ஓடுகிறது.

நீங்கள் "சீசன்" என்று எழுதியிருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். சாரல் ஆனி, ஆடியில் வந்து ஆவணியோடு அடங்கிவிடும். கூட்டமும் அதோடு போய்விடும். குற்றாலத்திலிருந்து கேரள எல்லை வரைக்கும் கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோருக்கும் சீசன் என்றால் அந்த மூன்று மாதம்தான். ஆனால் எங்கள் மலைக்கு இரண்டு மழை. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து இன்னொரு மழை வந்து குளத்தை நிறைத்துவிட்டுப் போகிறது. அது நின்று, மார்கழியில் வானம் வெளுத்து, ஓடைத் தண்ணீர் அடிமணல் தெரியத் தெளிகிறபோதுதான் தட்டான்களின் கடைசிப் பருவம் நடக்கிறது. என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், ஒரே காலையில் அதிக வகை பார்த்த நாட்கள் எல்லாம் கார்த்திகைப் பிற்பாதிக்கும் தை நடுவுக்கும் இடையில்தான் வருகின்றன. ஆள் இல்லாத மாதம் என்று நீங்கள் வேலைக்குத் தேர்ந்தெடுத்தது அந்த மாதத்தைத்தான்.

என் அம்மாவுக்குக் கேரளத்து ஆரியங்காவு. கணவாய்க்கு அந்தப் பக்கம் பிறந்து இந்தப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அதனால் எங்கள் வீடுகளில் இரண்டு பாஷைச் சொல்லும் கலந்துதான் புழங்கும். நமக்குத் தட்டான், அவர்களுக்குத் தும்பி. ஐப்பசி பிறந்ததும் சாயங்காலத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்கு மேலே நூற்றுக்கணக்கில் மஞ்சள் தட்டான் மிதக்கும். எங்கும் உட்காராது, இறகை அடிப்பதுகூடத் தெரியாது, காற்றிலே சும்மா நழுவும். அம்மா அதைத் துலாத்தும்பி என்பாள். மலையாளத்துத் துலாம் மாதம்தான் நம் ஐப்பசி. "துலாத்தும்பி வந்தாச்சு, விறகை உள்ளே எடுத்து வை" என்பாள். இரண்டொரு நாளில் மழை பிடித்துக்கொள்ளும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று நம் பக்கமும் சொல்கிறோமே, அதேதான்.

அந்தத் துலாத்தும்பி எங்கே போகிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆறோ ஓடையோ இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்று வருடக்கணக்காகக் குறித்து வைத்தார். அவை இந்தியாவிலிருந்து பருவக்காற்றோடு கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம் வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். போய்த் திரும்பும் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கும் என்பது அவர் கணக்கு. ஒரே தட்டான் முடிக்கிற பயணம் கிடையாது, நான்கு தலைமுறை சேர்ந்து முடிப்பது. நடுவில் எங்கே மழைத் தண்ணீர் தேங்கியிருக்கிறதோ அங்கே இறங்கி முட்டையிடும். அதன் குஞ்சு 38 முதல் 65 நாளுக்குள் வளர்ந்து பறந்துவிடும். ஐப்பசி மழையில் நம் குளத்து ஓரத்தில் இட்ட முட்டை மார்கழியில் பறக்கத் தயாராகிறது. அந்த நேரத்தில் குளத்தை வடித்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மார்கழிக் காலை அங்கே எப்படி இருக்கும் என்று உங்களில் யாரும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். பார்த்திருந்தால் அந்த அறிவிப்பை எழுதியிருக்க மாட்டீர்கள்.

எங்களுக்கு மலை மேற்கே இருக்கிறது. கிழக்கே வெறும் வயலும் தென்னையும். அதனால் மார்கழி வெயில் எதிலும் தடுக்காமல், ஏழு மணிக்கெல்லாம் குளத்தின் மேல் வந்து விழும். அதற்கு முன்னால் ஆறரைக்குப் போனால், சம்பங்கோரைத் தாளில் பனித்துளியோடு பனித்துளியாகத் தட்டான்கள் தொங்கும். இறகு முழுக்க நீர்முத்து. விரல் பக்கத்தில் கொண்டுபோனாலும் பறக்காது, பறக்க முடியாது. வெயில் பட்டதும் சில வகை இறகைப் படபடவென்று நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும். தாளின் அடிப்பக்கம் பார்த்தால் இரவில் ஏறி வந்து உரித்துவிட்டுப் போன சட்டைகள், பாம்புச் சட்டை மாதிரி, முதுகில் பிளந்து, உள்ளே வெள்ளை நூல் தொங்க ஒட்டிக்கொண்டிருக்கும். போன தை மாதம் ஒரு ஞாயிறு, படித்துறையிலிருந்து மதகு வரைக்கும் 61 சட்டை எண்ணினேன். சின்ன வகை சில, விடிந்த பிறகும் வெளியே வந்துகொண்டிருக்கும். மெழுகு மாதிரி வெளுத்த உடம்பு, கசங்கிய துணி மாதிரி இறகு. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நிமிர்ந்து விறைத்துக் கண்ணாடியாகும். பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் இதில் ஒன்றையும் பார்க்க முடியாது. வெறும் சட்டைதான் இருக்கும்.

எட்டு மணிக்கு மேல் முட்டையிடுதல் தொடங்கும். ஊசித்தட்டான் ஜோடியைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண் தன் வால் நுனியால் பெண்ணைக் கழுத்தருகே பிடித்தபடி இருக்கும். பெண் கோரைத் தண்டில் இறங்கி, வால் நுனியில் இருக்கும் கத்தி மாதிரி உறுப்பால் தண்டைக் கீறி, ஒவ்வொரு முட்டையாக உள்ளே செருகும். சில வகை தண்டைப் பிடித்துக்கொண்டே தண்ணீருக்குள் முழுக இறங்கிப் போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், அது மெதுவாக மேலே வரும். மஞ்சள் உடம்புக்காரன், வால் நுனி மட்டும் தணல் மாதிரி சிவந்தவன், விரல் நகத்தை விடக் கொஞ்சமே நீளமான குட்டி, எல்லாம் அந்தச் சம்பங்கோரையிலும் பொன்னாங்கண்ணித் தண்டிலும்தான். அந்தத் தண்டுகளைத்தான் நீங்கள் வேரோடு பிடுங்கி டிராக்டரில் ஏற்றப்போகிறீர்கள். முட்டையும் அதோடு போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசிப் பருவத்தில் எல்லாத் தட்டானும் முட்டையிட்டுச் செத்துவிடுவதில்லை. பழுப்பு நிறத்தில் காய்ந்த புல்லோடு புல்லாக, இறகைப் பாதி விரித்தபடி தொங்கும் ஒரு ஊசித்தட்டான் இருக்கிறது. லெஸ்டெஸ் என்று அதன் வகைக்குப் பெயர். கோடை முழுவதையும் அது அப்படியே காய்ந்த புல்லிலும் புதரிலும் காத்திருந்து கழிக்கிறது. அடுத்த மழை வந்த பிறகுதான் முட்டையிடும். ஓடைப் பாலத்துக்கு அடியில், மருத மர வேருக்குள்ளே, பகல் முழுவதும் தொங்கிக்கொண்டு, அந்திக்கு மட்டும் வெளியே வரும் பெரிய பழுப்புத் தட்டானும் அப்படித்தான். சுத்தம் என்ற பெயரில் குளத்தைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லையும் புதரையும் போன வருடம் தீ வைத்தீர்கள். அதற்கு மறு வாரம் போனேன். அந்தப் பக்கம் லெஸ்டெஸ் ஒன்றுகூட இல்லை. வேலிக்கு அப்பால், தீப்படாத புல்லில் மட்டும் நான்கு இருந்தன.

கொசுவுக்கு வருகிறேன். இதில் நான் வேறு யாரையும் மேற்கோள் காட்ட வேண்டியதில்லை, என் பிழைப்பே இதுதான்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, செடியும் மீனும் தட்டான் குஞ்சும் நிறைந்த குளத்தை நாடி வருவதில்லை. அதற்கு வேண்டியது சின்னப் பாத்திரம், தெளிந்த தண்ணீர், தின்ன ஆள் இல்லாத இடம். ஐப்பசியில் உங்கள் அனுமதியோடுதான் பூங்காவுக்குள் ஆய்வு செய்தேன். குளத்தில் நான்கு கரையிலும் கரண்டி விட்டேன். தட்டான் குஞ்சு, தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி எல்லாம் வந்தன. கொசுப்புழு ஒன்றுகூட வரவில்லை. புழு இருந்தது வேறு இடத்தில்: பிள்ளைகள் விளையாட்டு இடத்தில் பாதி புதைத்து வண்ணம் அடித்து வைத்திருக்கும் டயர்களுக்குள், சீட்டுக் கவுண்டருக்குப் பின்னால் குவிந்த டீ கப்புகளில், உடைந்த குப்பைத் தொட்டியின் அடியில். டயர் ஒவ்வொன்றிலும் கரண்டி நிறையப் புழு. எழுதிக் கொடுத்தேன். டயர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. போன வாரமும் பார்த்தேன்.

இப்போது குளத்தின் இடத்தில் சிமெண்ட் தொட்டி கட்டப்போகிறீர்கள். செடி இல்லை, சேறு இல்லை, தட்டான் ஏறி உரிக்கத் தாள் இல்லை. நீரூற்று ஓடுகிற வரை தண்ணீர் அசையும். மோட்டார் நின்றால், அல்லது சீசன் முடிந்தது என்று நிறுத்திவிட்டால், அது தெளிந்து தேங்கிய சிமெண்ட் தொட்டி. நான் தினமும் வீடுகளில் புழு எடுப்பது அப்படிப்பட்ட தொட்டிகளில்தான்.

புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. காய்ச்சல் பரவுகிற தெருவில், பரவுகிற நாட்களில் அடிக்க வேண்டிய மருந்து அது. டீசலில் கலந்து அடிக்கிறோம். அந்தப் புகையில் கொசு, தட்டான் என்ற பாகுபாடு கிடையாது. ஏடிஸ் கடிப்பது பெரும்பாலும் பகலில். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் புகை அடிக்கும் நேரத்தில் குளத்தின் மேல் பறப்பவை அந்தித் தட்டான்கள். ஆண் தட்டானுக்குப் பவளம் மாதிரிச் சிவந்த வாலும், பின் இறகில் வெள்ளைத் திட்டும் இருக்கும். மங்கல் வெளிச்சத்தில் அந்தத் திட்டு மட்டும் மின்னி மின்னிப் போகும். அந்த நேரத்தில் கொசுவையும் சின்னப் பூச்சிகளையும் பிடித்துத் தின்ன வருகிறவை அவை. இதுவரை இரண்டு சனிக்கிழமை புகை அடித்துவிட்டீர்கள். இரண்டாவது ஞாயிறு காலை கரையில் பொறுக்கியதை ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

பர்மாவில், ரங்கூனில், வீட்டுத் தண்ணீர்ப் பாத்திரங்களில் தட்டான் குஞ்சை விட்டு ஏடிஸ் கொசுவைக் குறைத்துக் காட்டிய ஆய்வு 1990-ல் வெளியானது. ஊர் மக்களே சேர்ந்து செய்தது. அவர்கள் பயன்படுத்திய தட்டான் குரோகோதெமிஸ் செர்விலியா. எங்கோ தேடிக் கொண்டுவந்த வகை இல்லை. நம் குளத்தில் கோரை நுனிதோறும் மிளகாய்ப் பழச் சிவப்பில் உட்கார்ந்திருக்கிறதே, அதேதான். அவர்கள் வளர்த்துக் கொண்டுவந்து விட்டதை நாம் புகை போட்டுக் கொல்கிறோம்.

கம்பூசியா மீனைப் பற்றிச் சொல்லும்போது என் கையும் அதில் இருக்கிறது. கிணறுகளில் விடுவதற்கு நானே பிளாஸ்டிக் பையில் சுமந்து போயிருக்கிறேன். மூடி வைக்க முடியாத பாழுங்கிணற்றுக்கு அது சரி என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அது வட அமெரிக்காவைச் சேர்ந்த, 1928-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், கொசுப்புழுவை மட்டும் தின்று நிறுத்துகிற மீன் இல்லை. தட்டான் குஞ்சு, தவளை முட்டை, தலைப்பிரட்டை, நாட்டு மீன் குஞ்சு எதையும் விடாது. நம் குளம் மதகு வழியாக ஓடையோடு சேர்கிறது. ஐப்பசி வெள்ளத்தில் ஒருமுறை ஓடைக்குள் இறங்கிவிட்டால் எந்த வலை போட்டும் திரும்ப எடுக்க முடியாது.

மேலோடையில் என்ன இருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பாறையில் உட்கார்ந்து பின் இறகை விரித்தால் மயில்பீலிப் பச்சை அடிக்கும் ஊசித்தட்டான் அங்கே உண்டு. கேரளத்தில் அதைப் பீலித்தும்பி என்கிறார்கள். நிழலில் பத்துப் பதினைந்தாகக் கூடி நிற்கும், இறகு நுனி மட்டும் கறுத்த பச்சை வகையும் உண்டு. ஃபிரேசர் என்று ஒரு ராணுவ மருத்துவர் இருந்தார். வைத்தியம் பார்த்துக்கொண்டே தென்னிந்தியக் காடுகளில் தட்டான் தேடியவர். 1933, 1934, 1936 என்று மூன்று தொகுதிகளாக இந்தியத் தட்டான்களைப் பற்றி எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டும் வாழும் ஒரு ஊசித்தட்டானுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். சுகாதார வேலைக்கும் தட்டானுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன். இந்த மலைத்தொடரில் ஏறக்குறைய 200 வகை இருக்கின்றன, அவற்றில் பல உலகத்தில் வேறெங்கும் கிடையாது. 2021 டிசம்பரில் ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பினர் உலகத் தட்டான்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்த்தபோது, 6,016 வகையில் 16 சதவீதம் அழியும் நிலைக்கு நகர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். ஈரநிலங்கள் அழிவதைத்தான் பெரிய காரணமாகச் சொன்னார்கள். நம் குளம் சின்னதுதான். சின்னச் சின்னதாகத்தான் போகிறது.

தரையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டான் தண்ணீரை அடையாளம் காண்பது அதன் பளபளப்பை வைத்து. கார் நிறுத்துமிடத்தில் ஒரு கறுப்புக் காரின் முன்பக்கத்தில் துலாத்தும்பி ஒன்று வாலை முக்கி முக்கி முட்டையிட்டதை நான் பார்த்தேன். சுடுகிற தகரத்தில் அத்தனை முட்டையும் வீண். குளத்தை ஒட்டியே கார் நிறுத்தவும், பளபளக்கும் டைல்ஸ் பதிக்கவும் வரைபடத்தில் இடம் விட்டிருக்கிறீர்கள். அதை யோசியுங்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்கவில்லை. குளம் தூர்ந்திருக்கிறது. ஆகாயத்தாமரை மூன்றில் ஒரு பங்கை மூடிவிட்டது, அதை எடுக்கத்தான் வேண்டும், எடுக்க நானும் வருவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை கரையில் வழுக்கி விழுந்ததும் உண்மை. அதற்கு ஒரு பக்கம் மூங்கில் தடுப்பும் மரப்படியும் போதும். நான்கு பக்கமும் சிமெண்ட் வேண்டியதில்லை.

இதையெல்லாம் இரண்டு முறை மனுவாகக் கொடுத்தேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது முறை நேரில் வாங்கியவர், "ஏம்மா, பூச்சிக்காகவா பூங்கா நடத்துறோம், ஜனங்களுக்குத்தானே?" என்றார். அன்றைக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்கிறேன். புரட்டாசியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அந்தக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு பையன் அரைமணி நேரம் குப்புறப் படுத்துக் கிடந்து, "எக்கா, இது பின்னாலயும் என்னைப் பாக்குதுக்கா" என்றான். அவன் அப்பா உங்கள் பூங்காவுக்குத் தோட்ட வேலைக்கு வருகிறவர்தான். நீரூற்றை அவன் தென்காசியிலும் பார்ப்பான். இதை வேறெங்கே பார்ப்பான்?

தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சி என்று 2019-ல் அறிவித்தது நம் அரசு. கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளக் காடுகளில் வனத்துறையும் ஆர்வலர்களும் சேர்ந்து தும்பிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஓணத்தும்பி, மதில்தும்பி, சங்ஙாதித்தும்பி என்று ஒவ்வொன்றையும் சொந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள். தும்பிக்கு எல்லை வளைவு தெரியாது, அங்கே எண்ணப்பட்டதுதான் இங்கேயும் வருகிறது. இங்கே மட்டும் அதற்குப் புகை.

நான் கேட்பவை இவை.

குளத்து வேலையை உடனே நிறுத்துங்கள். தூர் எடுத்தே ஆகவேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில், தண்ணீர் தானாக வற்றிய பிறகு, பாதிக் குளத்தை மட்டும் எடுங்கள். மறு பாதியை அடுத்த வருடம் எடுங்கள். எந்த வருடமும் பாதிச் சம்பங்கோரையாவது நிற்கட்டும். ஆகாயத்தாமரையை மட்டும் இப்போதே கையால் எடுக்கலாம். எடுத்ததை ஒரு இரவு கரையிலேயே போட்டு வையுங்கள், வேரில் ஒட்டிய குஞ்சுகள் தண்ணீருக்குத் திரும்பிவிடும்.

சனிக்கிழமைப் புகையை இந்த வாரத்திலிருந்து விடுங்கள். பூங்காவைச் சுற்றிக் காய்ச்சல் இருப்பதாகச் சுகாதாரத் துறை சொன்னால் மட்டும், குளத்தை விட்டுத் தள்ளி அடிக்கட்டும். அதற்குப் பதிலாக டயர்களை எடுத்துவிடுங்கள், அல்லது ஓட்டை போட்டு மண் நிரப்புங்கள். டீ கப்புக்கு மூடிய தொட்டி வையுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்த பிறகு நானே வந்து பூங்கா முழுவதும் புழு ஆய்வு செய்து எழுதித் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம்.

கம்பூசியாவையோ வேறு வெளி மீனையோ அந்தக் குளத்தில் விடுவதில்லை என்று எழுத்தில் கொடுங்கள். காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதை நிறுத்துங்கள். காரை வாசலோடு நிறுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது காலை ஆறு மணிக்குக் கதவைத் திறங்கள். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். தை மாதத்தில் ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகளையும் பக்கத்துக் கல்லூரி விலங்கியல் மாணவர்களையும் வைத்துத் தட்டான் கணக்கெடுக்க அனுமதி கொடுங்கள். என் ஏழு நோட்டையும் நகல் எடுத்துத் தருகிறேன்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும், பொக்லைன் வருவதற்கு முன்னால் வேண்டும். அதற்கும் முன்னால் உங்களில் முடிவெடுக்கிற ஒருவர், வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குக் குளத்தின் கிழக்குப் படித்துறைக்கு வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன். பழைய செருப்பு போட்டு வாருங்கள், கரையில் சேறு இருக்கும்.

இப்படிக்கு,
இந்த ஊர்க் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருத்தி
மார்கழி 6